கை காய்ப்பது ஏன்?

வலது உள்ளங்கையை விரித்து, விரல்கள் தொடங்கும் இடத்தை இடது கைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். பூப்பந்து மட்டை பிடிப்பவர்களுக்கும், பள்ளித் திடலில் கம்பியில் தொங்கிப் பயிற்சி செய்பவர்களுக்கும் அங்கே சிறு மேடுகள் தட்டுப்படும். இப்போது வீட்டுப் பெரியவர்களின் கையைக் கேட்டு வாங்கித் தடவிப் பாருங்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் உழைத்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால், அவர்கள் கையில் மேடு இருக்காது. மேட்டு வரிசையே இருக்கும். சில இடங்களில் தோல் மஞ்சள் நிறமாகி, நகத்தைப்போல் கெட்டியாகியிருக்கும். இதைத்தான் நாம் காய்ப்பு என்கிறோம்.

மலாக்காவில் இந்தக் காய்ப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் பால்மரத் தோட்டம் என்று அதைச் சொல்வார்கள். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் மரம் வளர்ந்தது. அன்றிலிருந்து கத்தி, மண்வெட்டி, அரிவாள், வாளி என்று ஏதாவது ஒரு கைப்பிடி நம்மவர் கைகளை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. கைப்பிடிக்கும் தோலுக்கும் இடையில் என்னதான் நடக்கிறது?

முதலில் தோலைப் பார்ப்போம். தோலின் வெளிப்பகுதி மேல்தோல். அதன் அடியில் உள்ள உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. புதியவை பிறக்கப் பிறக்கப் பழையவை மேலே தள்ளப்படுகின்றன. மேலே போகும்போது கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, தட்டையாகி, இறந்துவிடுகின்றன. நம் நகமும் முடியும் காண்டாமிருகத்தின் கொம்பும் இதே வகைப் புரதம்தான். இப்படி இறந்த உயிரணுக்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் மேற்புறத்தைக் கொம்புப்படை என்பார்கள். அடியில் பிறந்த உயிரணு மேலே வந்து உதிர்ந்துபோகச் சுமார் ஒரு மாதம் ஆகும். இந்த ஒரு மாதக் கணக்கை நினைவில் வையுங்கள்.

உள்ளங்கைத் தோல் தனி ரகம். கண்ணிமையில் மேல்தோலின் தடிமன் 0.05 மில்லிமீட்டர் அளவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அது 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். உள்ளங்கையில் முடி கிடையாது. வியர்வைச் சுரப்பிகள் ஏராளம், ஆனால் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூட இல்லை. முகம் எண்ணெய் வழிகிறது என்று அலுத்துக்கொள்ளும் நமக்குக் கை மட்டும் காய்ந்து வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து விசை. புறங்கையில் ஒரு விரலை அழுத்தி வைத்து, விரலைத் தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்துங்கள். தோல் விரலோடு போகிறது. உள்ளே இருக்கும் எலும்பு இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள அடுக்குகள் இழுபடுகின்றன. நேராக அழுத்துவதைவிட இந்தப் பக்கவாட்டு இழுப்புதான் தோலுக்குப் பெரும் தொல்லை. பழக்கமில்லாத கை திடீரென ஒரு நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்தால், மேல்தோலின் நடு அடுக்கு கிழிந்து இடைவெளி விழும். அதில் நீர் கோத்துக் கொப்புளமாகும். அதே இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக, நாள்தோறும், பல வாரம் தொடர்ந்தால் கொப்புளம் வராது. அடியிலுள்ள உயிரணுக்கள் விரைவாகப் பெருகும். மேலே இறந்தவை எளிதில் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். வரவு கூடி, செலவு குறைந்தால் கணக்கில் பணம் சேருமல்லவா? தோல் தடிப்பதும் அப்படித்தான்.

பால்மரம் சீவுவதை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் பெரும்பாலும் புழங்குவது ஜெபோங் கத்தி. அதைத் தன் பக்கமாக இழுத்து இழுத்துப் பட்டையைச் சீவ வேண்டும். ஒருவருக்குரிய ஒரு நாள் பங்கில் சுமார் 500 மரம். ஒரு மரத்துக்குப் பத்து இழுப்பு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு காலைப்பொழுதில் 5,000 இழுப்பு. ஒவ்வொரு இழுப்பிலும் கைப்பிடி ஒரே இடத்தில் தோலைப் பிடித்திழுக்கிறது. விடியற்காலையில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும்; அதனால் இருட்டிலேயே வேலை தொடங்குகிறது. பனியிலும் வியர்வையிலும் கை ஈரமாயிருக்கும். இலேசாக ஈரமான தோலுக்கு உலர்ந்த தோலைவிட உராய்வு கூடுதல். ஆக, மரத்துக்கு ஏற்ற நேரம் கைக்கு ஏற்ற நேரமாக இல்லை.

கையுறை போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் பட்டையைச் சீவும்போது உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். ஆழம் தவறினால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் முண்டு கட்டிவிடும். அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்ணைவிடக் கைதான் அறியும். தடித்த கையுறைக்குள் அந்த உணர்வு மங்கிவிடும். தளர்ந்த கையுறையோ உள்ளே மடிந்து, புதிதாக ஓர் உரசலை உண்டாக்கும். செம்பனைக் குலை அறுப்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு; நீண்ட கழியைப் பற்றி இழுக்கும் அந்த வேலைக்கு, கையோடு ஒட்டிய கையுறை நன்றாகவே உதவும்.

சரி, சொரசொரப்பான கைப்பிடி நல்லதா, வழவழப்பானது நல்லதா? இங்கேதான் இயற்பியல் சுவையாகிறது. வழவழப்பான பிடி வியர்வையில் நழுவும். நழுவாமலிருக்க நாம் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். விரல் தசைகள் களைத்துவிடும். சொரசொரப்பான பிடி நழுவாது, இறுக்கமும் குறைவாகப் போதும். ஆனால் அதன் மேடுகள் மட்டுமே தோலைத் தொடுகின்றன. கணக்கிட்டுப் பாருங்கள். 60 நியூட்டன் விசை 30 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பரவினால் அழுத்தம் 20 கிலோபாஸ்கல். அதே விசை மேடுகளின் உச்சியில் 3 சதுர சென்டிமீட்டரில் மட்டும் விழுந்தால் 200 கிலோபாஸ்கல். பெட்ரோல் நிலையத்தில் அப்பா காருக்குக் காற்று அடைக்கும்போது அந்தக் கருவியில் ஏறக்குறைய இதே எண்ணைப் பார்த்திருப்பீர்கள். டயருக்குள் இருக்கும் அழுத்தம் உங்கள் தோலின் சில புள்ளிகளில்!

துளையிடும் கருவி, நீர் பீய்ச்சும் கருவி, ஆயர் குரோ, பத்து பிரெண்டாம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் திருகாணி முடுக்கும் கருவி ஆகியவற்றில் பல, துப்பாக்கி வடிவப் பிடியோடு வருகின்றன. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள வளைவில் முழுப் பாரமும் உட்கார்ந்துவிடுவதால், அங்கேயும் நடுவிரலின் பக்கவாட்டிலும் காய்ப்பு விழும். இதற்குத் தீர்வு காண, உண்மையான துப்பாக்கியைப் பிடிக்கும் விளையாட்டாளர்களைப் பார்க்கலாம். 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியின் தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 முறை, ஒரே கையால் சுட வேண்டும். பயிற்சி நேரமோ இதைப்போல் பல மடங்கு. அவர்களின் துப்பாக்கிப் பிடி பெரும்பாலும் மரத்தில் செய்யப்பட்டது. நழுவாமலிருக்கப் புள்ளி புள்ளியாகக் குத்திச் சொரசொரப்பாக்கியிருப்பார்கள். எந்த இடம் கையை உறுத்துகிறதோ அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக் குறைப்பார்கள். எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே மரப்பசை அப்பி நிரப்புவார்கள். மற்ற இடத்துச் சொரசொரப்பைத் தொட மாட்டார்கள். கையைப் பிடிக்குப் பழக்காமல், பிடியைக் கைக்குப் பழக்குகிறார்கள். பால்வெட்டும் கத்திக்கும் மண்வெட்டிக் காம்புக்கும் இதைச் செய்வதற்குப் பெரிய செலவில்லை. இவ்வளவு எளிய மாற்றம் நம் தோட்டங்களில் பரவாமல் போனது எனக்கு இன்றும் வியப்புதான்.

இனி வலிக்கு வருவோம். காய்ப்பு என்பது நோயன்று. தோல் தனக்குத்தானே செய்துகொண்ட கவசம். அளவோடு இருக்கும்வரை வலிக்காது. இரண்டு சூழலில் வலிக்கும். ஒன்று, கவசம் அளவுமீறித் தடித்து, சட்டைப் பைக்குள் கிடக்கும் கூழாங்கல்லைப்போல் அடியிலுள்ள நரம்புகளை அழுத்தும்போது. இன்னொன்று, அது காய்ந்து வளையும் தன்மையை இழந்து, கையை விரிக்கும்போது வெடிக்கும்போது. வெடிப்பு உயிருள்ள அடுக்குவரை இறங்கினால் இரத்தம் கசியும், கிருமி நுழையும்.

காய்ந்த காய்ப்பை எப்படி இளக வைப்பது? வீட்டில் எல்லாரும் சொல்வது தேங்காய் எண்ணெய். 1952-இல் அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர் இந்தக் கேள்வியைச் சோதித்தார். மனிதக் காய்ப்புத் தோல் துண்டுகளை உலர்த்திக் கெட்டியாக்கி, சிலவற்றை எண்ணெய் வகைகளிலும் சிலவற்றை நீரிலும் வைத்தார். எண்ணெயில் கிடந்தவை கெட்டியாகவே இருந்தன. நீரை உறிஞ்சியவை வளைந்து கொடுத்தன. கெரட்டினை இளக்குவது நீர்தான். எண்ணெய் தானாக இளக்காது. அப்படியானால் பாட்டி தேய்க்கும் எண்ணெய் வீணா? இல்லை. தோலுக்குள் போன நீரை வெளியேறாமல் தடுக்கும் மூடியாக அது வேலை செய்கிறது. ஆகவே வரிசைதான் முக்கியம்: முதலில் நீர், அப்புறம் எண்ணெய். காய்ந்த கையில் எண்ணெய் தடவுவது வெறும் பானைக்கு மூடி போடுவது மாதிரி.

இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை ஊறவிடுங்கள். தோல் வெளுத்து மெத்தென்று ஆனதும் நுரைக்கல்லால் ஒரே திசையில் மெல்லத் தேயுங்கள். பொடியாக உதிர்வதோடு நிறுத்திவிட வேண்டும். முழுவதும் எடுத்துவிட்டால் மறுநாள் அதே கைப்பிடி பச்சைத் தோலைக் கிழித்துக் கொப்புளமாக்கும். கவசம் கொஞ்சம் இருக்கட்டும். துடைத்த உடனே, ஈரம் முழுதும் போவதற்குள், எண்ணெயோ வேசலினோ தடவுங்கள். மருந்துக் கடைகளில் கிடைக்கும் யூரியா கலந்த களிம்பு இன்னும் நல்லது. யூரியா நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செறிவு கூடினால் கெரட்டினையே தளர்த்தும். உரமூட்டையில் இருக்கும் அதே வேதிப்பொருள்தான், ஆனால் மூட்டையிலிருந்து எடுத்துத் தடவிவிடாதீர்கள்!

சவரக் கத்தியால் அறுப்பது, நகவெட்டியால் கடிப்பது இரண்டும் வேண்டாம். இறந்த அடுக்கு எங்கே முடிகிறது, உயிருள்ளது எங்கே தொடங்குகிறது என்று கத்திக்குத் தெரியாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பெரும் ஆபத்து. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களில் பலருக்குக் கைகால் உணர்ச்சி குறைந்திருக்கும். காயம் பட்டது தெரியாது, ஆறவும் நாளாகும். காய்ப்பைக் கரைக்கும் சாலிசிலிக் அமில ஒட்டுகளையும் அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. காய்ப்பைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வைத்தாலோ அரசாங்க மருந்தகத்துக்குப் போவதே சரி.

தடித்ததெல்லாம் காய்ப்பாகிவிடாது. காய்ப்பின் மேல் கைரேகைக் கோடுகள் தொடர்ந்து ஓடும். நேராக அழுத்தினால் வலிக்கும். நச்சுயிரியால் வரும் மருவில் கோடுகள் விலகிப் போகும். உள்ளே சிறு கரும்புள்ளிகள் தெரியும். இருபுறமும் கிள்ளினால் வலிக்கும். கைவேலையே செய்யாதவருக்கு இரண்டு உள்ளங்கையிலும் பருக்கள்போல் தடிப்பு வந்தால் காரணம் வேறு. மேற்கு வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் நிலத்தடி நீரில் கலந்த ஆர்செனிக், மக்கள் உள்ளங்கைகளில் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுத்தது.

கைரேகை என்றதும் இன்னொன்று. 2001 முதல் நம் நாட்டில் வழங்கப்படும் மைகாட் அட்டையின் சில்லில் இரண்டு கட்டைவிரல் ரேகைகளும் பதிவாகியுள்ளன. தேய்ந்த, வெடித்த விரலை வைத்தால் கருவி படிக்கத் திணறும். முகப்பில் நிற்கும் பெரியவர் தன் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரேகையின் வார்ப்பு மேல்தோலுக்குக் கீழே உள்ள அடுக்கில் இருக்கிறது. உரசல் நின்றால் சில வாரங்களில் அதே கோடுகள் அதே இடத்தில் திரும்பி வரும். அதற்குள் அவசரமென்றால், விரலைச் சற்று நேரம் ஈரத்துணியில் சுற்றி வைத்துத் துடைத்துவிட்டு முயலச் சொல்லுங்கள்.

இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் அதிகம் புழங்கும் ஒரு கருவியின் கைப்பிடியில் வண்ணச் சுண்ணக்கட்டியைத் தடவுங்கள். அதைப் பயன்படுத்துபவரை, வழக்கம்போல் பத்து முறை வேலை செய்யச் சொல்லுங்கள். பிறகு கையைப் படம் எடுங்கள். வண்ணம் அடர்த்தியாக ஒட்டிய இடமும் காய்ப்பு உள்ள இடமும் ஒன்றாக இருக்கின்றனவா? கைப்பிடியில் அந்த இடத்துக்கு எதிரே உள்ள மேட்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிடி மிக மெல்லியதாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, விட்டம் 3 முதல் 5 சென்டிமீட்டருக்குள் வருமாறு தடிமனாக்குங்கள். மறுபடி சுண்ணம் தடவிப் படம் எடுங்கள். மேல்தோல் புதுப்பிக்க ஒரு மாதம் ஆகும் என்று பார்த்தோம். ஆகவே மூன்றாவது படத்தை நான்கு வாரம் கழித்து எடுத்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.