கொள்ளையர் கப்பலில் சிறுவன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிருந்த காயல் துறைமுகத்தின் செழிப்பைப் போற்றிய மார்கோ போலோ, மலபார்க் கொள்ளையரைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட கொள்ளைக் கப்பல்கள் கிளம்பும். பெண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோடை முழுக்கக் கடலிலேயே கிடப்பார்கள் என்கிறார். கொள்ளையர் கப்பலில் சிறுவர்கள் இருந்தது கதையல்ல. அவர்களைப் பற்றி நாம் நம்புகிறவற்றில் பல கதைதான்.

நம்பிக்கை: கடத்திக்கொண்டு போனால்தான் ஒரு பையன் கொள்ளையரோடு சேருவான்.

உண்மை: 1716 நவம்பரில் கரீபியன் கடலில் கொள்ளையன் சாமுவேல் பெல்லமியின் கூட்டம் ஒரு கப்பலைப் பிடித்தது. அதில் தாயோடு வந்த ஜான் கிங் என்ற சிறுவன், தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அடம்பிடித்தான். தடுத்தால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று மிரட்டியதாகப் பிடிபட்ட கப்பலின் தலைவருடைய வாக்குமூலம் இருக்கிறது. 1717 ஏப்ரல் 26 அன்று பெல்லமியின் கப்பல் அமெரிக்கக் கரையருகே புயலில் மூழ்கியது. சிதைவில் கிடைத்த சிறு காலணியும் பட்டுக் காலுறையும் கால் எலும்பும் ஜான் கிங்குடையவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த எலும்புக்குரியவனின் வயது 8 முதல் 11. ஆசைப்பட்டுப் போன பிள்ளை ஆறு மாதம்கூடப் பிழைக்கவில்லை.

நம்பிக்கை: சேர்ந்தவன் கையில் பணம் கொழிக்கும்.

உண்மை: சோமாலியக் கொள்ளையரின் பணம் எங்கே போனது என்று உலக வங்கி, ஐ.நா., இன்டர்போல் மூன்றும் சேர்ந்து ஆராய்ந்து 2013இல் அறிக்கை வெளியிட்டன. பிணைத்தொகையில் 30 முதல் 50 சதவீதம் முதல் போட்டவருக்குப் போனது. துப்பாக்கியோடு படகேறியவனுக்குக் கிடைத்தது 1 முதல் 2.5 சதவீதம். கடனுக்கு வாங்கிய சாப்பாடும் போதை இலையும் அதிலேயே கழிந்தன.

நம்பிக்கை: சின்னப் பையன் என்று சட்டம் விட்டுவிடும்.

உண்மை: 2009 ஏப்ரலில் மேர்ஸ்க் அலபாமா கப்பலைத் தாக்கிய சோமாலியக் கொள்ளையர் நால்வரில் மூவரை அமெரிக்கக் கடற்படை சுட்டுக்கொன்றது. எஞ்சியவன் அப்துவலி மூசே. அவனுக்கு 18 நிறையவில்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2011இல் விதித்த தண்டனை 33 ஆண்டு 9 மாதம். முதல் போட்டவர் யாரும் அந்தப் படகில் இல்லை.

நம்பிக்கை: 2013இல் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்ட கப்பல்காரர்கள் கடற்கொள்ளையர்.

உண்மை: தூத்துக்குடியில் பிடிபட்ட ‘சீமேன் கார்டு ஓஹியோ’ கப்பலில் இருந்த 35 பேரும் மாலுமிகளும், கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் தனியார் காவலர்களும்தான். அவர்களில் 12 பேர் இந்தியர். உரிய அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு. 2016இல் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார்கள். 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. கூலிக்குப் போனவர்கள்தான் நான்கு ஆண்டு அல்லாடினார்கள்.

கொள்ளையானாலும் வேலையானாலும், கடலில் ஆபத்தைச் சுமப்பவன் ஒருவன், லாபம் பார்ப்பவன் இன்னொருவன். கப்பல் வேலை என்று ஏஜென்ட் வந்தால், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் அவரிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலை வாங்கித் தரக் காசு கேட்க அவருக்கு உரிமையில்லை. 16 வயது நிறையாத பிள்ளையைக் கப்பலில் வேலைக்கு வைக்க சர்வதேச விதி இடம் தரவில்லை. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.