முள் இல்லாத தராசு

ரேஷன் கடையில் எலக்ட்ரானிக் தராசில் அரிசியை வைத்ததும் 20.000 என்று சிவப்பு எழுத்து வருதே, எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? படிக்கல்லும் இல்லை, முள்ளும் இல்லை. "முள் இல்லாத தராசை எப்படி நம்புறது?" என்று எங்க அப்பாயி கேட்கிறார். அதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

ஓடாத பழைய மெஷின் ஒன்றை எங்க அறிவியல் டீச்சர் திறந்து காட்டினாங்க. தட்டுக்குக் கீழே ஒரு அலுமினியக் கட்டை. அதன் ஒரு முனையை அசையாமல் திருகி வைத்திருக்காங்க. மறுமுனை தட்டைத் தாங்குது. பாரம் ஏறினால் கட்டை வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவு!

பழைய ஹவாய் செருப்பின் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகக் கோடுகள் போடுங்க. இரண்டு முனையையும் பிடித்துக் கீழ்நோக்கி வளைங்க. மேலே கோடுகள் விலகும், கீழே நெருங்கும். நீளத்தில் வந்த மாற்றத்தை முதலில் இருந்த நீளத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் திரிபு. 1 மீட்டர் கம்பி அரை மில்லிமீட்டர் நீண்டால் திரிபு 0.0005. இதற்கு அலகு கிடையாது (பரீட்சையில் கேட்பாங்க!).

இதை ஸ்கேல் வெச்சு அளக்க முடியாது. அதனால் கட்டைமேல் திரிபு அளவியை ஒட்டுறாங்க. ஸ்ட்ரெயின் கேஜ் என்பது இதுதான். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் உலோக இழை மடங்கி மடங்கிக் கோலம் மாதிரி ஓடும். கட்டை நீண்டால் இழையும் நீண்டு மெலியும், மின்தடை கூடும். 350 ஓம் அளவியில் 0.0005 திரிபுக்குக் கூடுவது சுமார் 0.35 ஓம்தான்.

1938-ல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூகி இருவரும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். நிலநடுக்கம் வந்தால் தண்ணீர்த் தொட்டி என்ன ஆகும் என்று ஆராய்ந்தபோதுதான் ரூகிக்கு இந்த யோசனை வந்ததாம்.

கட்டையில் நாலு அளவிகள். இரண்டு நீளும் இடத்தில், இரண்டு சுருங்கும் இடத்தில். நாலையும் சதுரமாக இணைத்திருப்பதால், வெயிலில் சூடானால் நாலும் ஒன்றாக மாறி அடிபட்டுப் போகும். பாரத்தின் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சுது.

ஆக, மெஷின் வளைவைப் பார்த்துத்தான் எடையைக் கணக்குப் போடுது. கணக்கு பூஜ்யத்தில் ஆரம்பிக்கணும். காலித் தட்டிலேயே 0.200 காட்டினால் நமக்கு 200 கிராம் அரிசி போச்சு. தட்டு சுவரில் இடித்துக்கொண்டிருந்தால் பாரம் முழுசும் கட்டைக்கு வராது. எடை குறைவாகக் காட்டும், நாம கடலை விற்கும்போது அது நமக்கு நஷ்டம். மூட்டையைத் தொப்பென்று போட்டால் கட்டை வளைந்தபடியே நின்றுவிடலாம். மெஷினில் இந்த வருஷ முத்திரை இருக்கான்னும் பாருங்க. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போடணும்.