கண்ணீர் குடிக்கும் ஈ!

மாட்டின் கண்ணோரம் ஈ மொய்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அது கண்ணீரைக் குடிக்கத்தான் வருது! அப்படி வரும் சில வகை ஈக்கள், தெலேசியா என்ற இளம்புழுவை ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குக் கொண்டு போகும். அது இமைக்கு அடியில் வெள்ளை நூல் போல வளரும். நாய், பூனை, நரி, மாடு, மனிதர் யாருக்கும் வரலாம்.

2016-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பெண் ஒருவரின் கண்ணிலிருந்து 14 புழுக்கள் எடுக்கப்பட்டன. மாட்டுக்கு வரும் அந்த வகை, அதற்கு முன் மனிதரிடம் கண்டறியப்பட்டதே இல்லை!

“நாயைத் தொட்டா ஒட்டிக்கும்” என்று பயப்படாதீங்க. தொடுவதால் இது பரவாது. விரட்ட வேண்டியது நாயை அல்ல, ஈயை என்பேன் நான். கண் சிவந்து உறுத்தினால் கசக்காதீங்க, டாக்டரிடம் காட்டுங்க. ஆடு, மாடு, நாய்க்கு கால்நடை மருத்துவர் இருக்கிறார்.