மிதிவண்டியின் பின் கியரைச் சீர்செய்தல்

பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கில் சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடும் கருவியே டீரெய்லர். 1984இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், நெம்புகோலின் ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் மாறும் அமைப்பை வெளியிட்டது. இதில் ஓட்டுபவரின் கைப்பழக்கத்துக்கு வேலையில்லை. கம்பியின் இழுப்பே எல்லாம். அது சற்றுத் தளர்ந்தாலும் சங்கிலி கடகடக்கும்.

உடனே கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருப்புவோர் பலர். எச், எல் என்று பொறித்த இரு திருகுகளும் டீரெய்லர் செல்லும் எல்லையை மட்டுமே வரையறுப்பவை. எல் திருகு தளர்ந்திருந்தால் சங்கிலி பெரிய பல்சக்கரத்தையும் தாண்டி ஆரக்கம்பிகளுக்குள் விழும். மேடேறும்போது இது நேர்ந்தால் சக்கரம் சிக்கி ஆளையே கீழே தள்ளிவிடும். ஆதலின் முதலில் எல்லையைச் சரிபார்த்தல் வேண்டும்.

பின்பு, பின்சக்கரத்தை உயர்த்தி நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றியவாறு கியரை மாற்றிப் பாருங்கள். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறச் சங்கிலி தயங்கினால், டீரெய்லரில் கம்பி நுழையுமிடத்துள்ள உருளைத் திருகைப் பின்னிருந்து பார்க்க இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்புங்கள், கம்பி இறுகும். இறங்கத் தயங்கினால் வலஞ்சுழி.

எவ்வளவு திருப்பியும் பயனில்லையா? வண்டி விழுந்ததில் டீரெய்லரைத் தாங்கும் தகடு வளைந்திருக்கலாம். பின்னால் நின்று பார்த்தால், டீரெய்லரின் இரு சிற்றுருளைகளும் பல்சக்கரத்துக்கு நேராக இல்லாதது தெரியும்.