பூனைக்கு நோய் கண்டால் மிருக வைத்தியரிடம் செல்லவேண்டிய வேளை

மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் வீட்டில் பூனை வளர்க்கின்றனர். விதை நெல்லையும் நெல் மூட்டைகளையும் எலியிடமிருந்து காப்பதில் அது சம்பளமில்லாக் காவலாள். ஆயினும் மாடு நோயுற்றால் அன்றே வைத்தியரை நாடும் நாம், பூனை நோயுற்றால், “புல்லைத் தின்று தானே தேறிவிடும்” என்று விட்டுவிடுகிறோம். பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. நமக்குத் தெரியவரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அன்றியும் இங்கிருந்து பதுளைக்குச் செல்லும் மலைப்பாதை நீண்டது. இரவில் வாகனம் கிடைப்பதும் எளிதன்று. ஆதலால் எந்த அறிகுறிக்கு உடனே புறப்படவேண்டும், எதற்குப் பொறுத்திருக்கலாம் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

1. நலமுள்ள பூனையின் நிலை

பூனை உறங்கும்போது விலா எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 முதல் 30 வரை இருப்பின் நன்று. உதட்டை மெல்ல விலக்கி முரசைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாக இருத்தல் வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். நலமாயிருக்கும் நாளில் இவற்றைப் பார்த்துப் பழகியவருக்கே நோயுற்ற நாளில் வேறுபாடு விளங்கும்.

2. உடனே புறப்படவேண்டிய அறிகுறிகள்

(அ) சிறுநீர் அடைப்பு. இது பெரும்பாலும் கடுவன் பூனைக்கு நேர்வது. அதன் சிறுநீர்க் குழாய் மிக ஒடுங்கியது. மணல்போன்ற கழிவு அதனை அடைத்துவிடும். பூனை அடிக்கடி குந்தி முக்கும், கத்தும், பின்புறத்தை ஓயாது நக்கும், சிறுநீரோ ஒரு சொட்டு வரும், அல்லது வரவே வராது. இதனை மலச்சிக்கல் என்று எண்ணுவதே பலரும் செய்யும் பிழை. இப்பிழையை நானும் செய்திருக்கிறேன். என் வீட்டுக் கடுவன் இவ்வாறு முக்கியபோது ஆமணக்கெண்ணெய் புகட்டி, விடியட்டும் என்று காத்திருந்தேன். மறுநாள் அது வாந்தியெடுத்துச் சோர்ந்தது. வைத்தியரிடம் சேருமுன் இறந்துவிட்டது. வெளியேறாத சிறுநீரின் நஞ்சு இரத்தத்தில் தங்கி, ஓரிரு நாளில் இதயத்தை நிறுத்திவிடும். குழாய் செலுத்தி அடைப்பை நீக்குதல் வைத்தியர் ஒருவராலேயே இயலும்.

(ஆ) மூச்சுத் திணறல். பூனை நாயைப்போல வாய்திறந்து இளைப்பது இயல்பன்று. ஓய்விலிருக்கும்போதும் வாயால் மூச்சு விடுதல், மூச்சு நிமிடத்துக்கு 40க்கு மேற்படுதல், முரசு வெளுத்தல் அல்லது நீலமாதல் ஆகியவை பேராபத்தின் அறிகுறிகள்.

(இ) நஞ்சு. பூச்சிகொல்லி பட்ட இலையில் உரசிய பூனை தன் உடலை நக்கும்போது நஞ்சு உள்ளே செல்லும். எச்சில் ஒழுகுதல், கண்மணி சுருங்குதல், தசை நடுங்குதல், வலிப்பு ஆகியவை காணும். எலிநஞ்சு வேறு வகையானது. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் நஞ்சேறக்கூடும். இரத்தம் உறையவிடாத வகை நஞ்சு உட்சென்றால் சில நாட்கள்வரை ஒன்றும் தெரியாது. பின்னர் சோர்வும், முரசு வெளுப்பும், மூக்கிலோ மலத்திலோ இரத்தமும் காணும். இதற்கு விற்றமின் கே1 என்னும் மாற்று மருந்து உண்டு. ஆகவே பூனை நஞ்சுண்டது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் புறப்படுங்கள்.

(ஈ) பிற அறிகுறிகள். வலிப்பு, பின்னங்கால்கள் திடீரென இழுபட்டுக் குளிர்தல், நில்லாத இரத்தப்பெருக்கு, பாம்புக்கடி, வாகனத்தில் அடிபடுதல், அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி பிறவாமை ஆகியவற்றுக்கும் தாமதம் ஆகாது.

3. ஒரு நாளுக்குள் செல்லவேண்டியவை

முழுநாளும் உணவு தொடாமை, பன்முறை வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், திறக்க இயலாத கண், சண்டையில் கடிபட்டுச் சீழ்கொண்ட வீக்கம் ஆகியவை இவ்வகையின. கொழுத்த பூனை சில நாட்கள் உண்ணாதிருந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்குக் கேடாகும். குட்டிகளின் நிலையோ சில மணி நேரத்திலேயே மோசமாகும்.

4. பொறுத்துப் பார்க்கத்தக்கவை

ஒருமுறை உரோம உருண்டையை வாந்தியெடுத்தல், சிறு தும்மல், இலேசான நொண்டல் ஆகியவை கண்டும் பூனை உண்டு, நடமாடி, சிறுநீர் கழித்துவந்தால் ஒரு நாள் பொறுக்கலாம். மறுநாளும் குறையாவிடின் வைத்தியரைக் காணுங்கள்.

5. செய்யத் தகாதவை

பனடோல் முதலிய பரசிற்றமோல் குளிசைகளைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்கற்க. அதனை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு குளிசையே அதனைக் கொல்லப் போதும். நாய்க்கென விற்கும் உண்ணி மருந்துகள் சிலவும் பூனைக்கு நஞ்சாகும். மண்ணெண்ணெய் பூசுதலும், உப்புநீர் புகட்டி வாந்தியெடுப்பித்தலும் தீங்கானவை. பூச்சிகொல்லி உரோமத்தில் பட்டிருந்தால், கையுறை அணிந்து, சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, ஈரம் துவட்டியபின் புறப்படுங்கள்.

6. நீர்வெறுப்பு நோய்

சாதுவான பூனை காரணமின்றிப் பாய்ந்து கடித்தாலோ, குரல் மாறி எச்சில் ஒழுகித் தள்ளாடினாலோ, அதன் வாயில் கைவைக்காதீர்கள். கூடுமாயின் அறையில் அடைத்து, மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். கடியோ கீறலோ பட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மனிதரிடத்து இந்நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. பூனைக்குக் காலந்தவறாது தடுப்பூசி இடுவித்தல் வீட்டார் அனைவருக்கும் காவலாகும்.

7. கொண்டு செல்லும் முறை

காற்றுத்துளை இட்ட பெட்டியிலோ மூடியுள்ள கூடையிலோ துணி விரித்துப் பூனையை வையுங்கள். மலைக்குளிரில் மேலேயும் ஒரு துணி போர்த்துங்கள். நஞ்சு என்று ஐயுற்றால் அதன் போத்தலை அல்லது சிட்டையைத் தவறாது எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக உண்டதும் சிறுநீர் கழித்ததும் எப்போது என்பதை வைத்தியரிடம் கூறுங்கள்.

உங்கள் பிரிவுக்குரிய அரச மிருக வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை இன்றே கேட்டறிந்து சுவரில் எழுதி வையுங்கள். புறப்படுமுன் பேசிக்கொண்டால் வழியில் வீண் அலைச்சல் நேராது.