"அழிக்கணுமாக்கா?" – குற்றாலத்தில் தொடங்கும் ஒரு புது வேலைக்கான பாடம்

போன சீசனில் கல்லூரித் தோழிகள் மூன்று பேருடன் குற்றாலம் போயிருந்தேன். நல்ல சாரல், நல்ல கூட்டம். ஐந்தருவியில் குளித்துவிட்டு, நனைந்த துணியோடு ஒரு லாட்ஜில் ரூம் கேட்டோம். ரிசப்ஷனில் இருந்த தம்பி, "ஜெராக்ஸ் எல்லாம் வேண்டாம்க்கா. ஆதாரை போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல போட்டுருங்க, போதும்" என்றார். போட்டோம். சாவி எடுக்க அவர் திரும்பியபோது போன் டேபிளில் திறந்தபடி இருந்தது. எங்களுக்கு முன்னால் வந்த குடும்பங்களின் ஆதார் அட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. குழந்தைகளுடையதும் இருந்தது. அது லாட்ஜ் போன் இல்லை, அவருடைய சொந்த போன்.

"சீசன் முடிஞ்சதும் இதையெல்லாம் அழிச்சிருவீங்களா?" என்று கேட்டேன்.

"அழிக்கணுமாக்கா?" என்று திருப்பிக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்வதுதான் ஒருவருடைய முழுநேர வேலை என்றால் நம்புவீர்களா? அந்த வேலைக்குப் பெயர் தரவுப் பாதுகாப்பு அலுவலர். ஆங்கிலச் சுருக்கத்தில் டிபிஓ. வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "டேட்டா என்ட்ரியா? நல்ல வேலைதான்" என்றார். டேட்டா என்ட்ரி தகவலை உள்ளே போடும் வேலை. டிபிஓ, உள்ளே வந்த தகவல் ஏன் வந்தது, எங்கே இருக்கிறது, எப்போது வெளியே போக வேண்டும் என்று கேட்கிறவர். ஹேக்கர்களைத் தடுக்கும் சைபர் செக்யூரிட்டி வேலையும் இது இல்லை. அந்தப் பிரிவோடு தினமும் பேச வேண்டியிருக்கும், அது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. படிக்க நினைப்பவர்களுக்கு இந்த இடைவெளிதான் நல்ல நேரம்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் உண்டு. பொதுவாகச் சட்டங்கள் மனிதரை 'அவன்' என்றுதான் எழுதும். இதில் 'அவள்' என்று எழுதி, அது எல்லாப் பாலினத்தவரையும் குறிக்கும் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள்.

டிபிஓ யாருக்குக் கட்டாயம்? எல்லாக் கடைக்கும் இல்லை. தகவலின் அளவு, அதன் முக்கியத்துவம், மக்களுக்கு நேரக்கூடிய பாதிப்பு போன்றவற்றைப் பார்த்து மத்திய அரசு சில நிறுவனங்களை 'குறிப்பிடத்தக்க' நிறுவனங்களாக அறிவிக்கலாம். அவற்றுக்குத்தான் டிபிஓ கட்டாயம். அவர் இந்தியாவில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். மக்களின் புகார்கள் முதலில் அவரிடம்தான் வரும். மற்ற நிறுவனங்களும் தப்பிக்க முடியாது. தகவல் பற்றிக் கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரத்தை அவை வெளியிட்டாக வேண்டும். ஆகவே டிபிஓ என்ற பெயர்ப்பலகை சில இடங்களில்தான் இருக்கும், ஆனால் அந்த வேலை தெரிந்த ஆள் பல இடங்களில் தேவைப்படுவார். அபராதமும் சாதாரணமில்லை. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டால் ரூ.250 கோடி வரை போகலாம்.

லாட்ஜை வைத்தே படிப்போம்

டிபிஓ முதலில் செய்வது, ஒரு தகவல் கைமாறும் வழியை ஒரு தாளில் வரைவது. நம்ம லாட்ஜையே எடுத்துக்கொள்வோம்.

ரூம் எடுக்க வந்தவர் நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர் எழுதுகிறார். அந்தக் காகித நோட்டு இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆச்சரியமாக இருக்கிறதா? சட்டம் டிஜிட்டல் தகவலுக்கு மட்டும்தான். ஆனால் அதே பக்கத்தை யாராவது போட்டோ எடுத்தால், அல்லது கம்ப்யூட்டரில் ஏற்றினால், அந்த நிமிடமே சட்டம் உள்ளே வந்துவிடும். வாட்ஸ்அப்பில் போன ஆதார் படம் முதலிலிருந்தே உள்ளேதான். "அது என் சொந்த போன்தானே" என்று அந்தத் தம்பி சொல்ல முடியாது. சொந்த, வீட்டு உபயோகத்துக்குத்தான் விலக்கு. லாட்ஜ் வேலைக்காக வாங்கிய படத்துக்கு லாட்ஜ்தான் பொறுப்பு.

அடுத்த கேள்வி: ஆதார் முழு எண் எதற்கு? வந்தவர் யார் என்று தெரிந்தால் போதும் என்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரே போதும். ஆதார் தளத்தில் யார் வேண்டுமானாலும் அதை இறக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயணி என்றால் கதை வேறு. அவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். இப்படி எது சட்டத்துக்காக வாங்குவது, எது பழக்கத்துக்காக வாங்குவது என்று பிரிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. பழக்கத்துக்காக வாங்குவதுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

சரி, "அழிக்கணுமாக்கா?" என்பதற்கு வருவோம். "ஆமா, உடனே அழிச்சிருங்க" என்று நான் சொல்லியிருந்தால் அதுவும் தப்பான பதில். நோக்கம் முடிந்த பிறகு தகவலை அழிக்க வேண்டும் என்பது சட்டத்தின் பொதுவான நிலை. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் வைத்திருக்கலாம். அதோடு 2025 விதிகள், அரசு சட்டப்படி கேட்கக்கூடிய சில தேவைகளுக்காக, தகவலையும் அதைக் கையாண்ட பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. ஆக, சரியான பதில் இப்படி இருக்கும்: தம்பியின் சொந்த போனில் அது இருக்கவே கூடாது. லாட்ஜின் பூட்டிய கணினியில், இரண்டு பேர் மட்டும் திறக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். காலம் முடிந்ததும் அழித்துவிட்டு, அழித்த தேதியை எழுதி வைக்கட்டும். இவ்வளவு நீளமான பதிலை, வரிசையில் ஆள் நிற்கும்போது ரிசப்ஷன் தம்பிக்கு இரண்டு வரியில் புரிய வைக்கத் தெரிந்தால் உங்களுக்கு இந்த வேலை ஒத்துவரும்.

பெரிய ஊருக்குத்தான் போகணுமா?

தென்காசி மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பரில்தான். ஆனால் அதற்கு முன்பே, 2011-ல், பக்கத்து மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்துவிட்டது. உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் உள்ள நிறுவனம் என்பதால் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் அதற்கும் பொருந்துகிறது. அதன் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், டிபிஓ நியமித்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் அந்த நிறுவனத்தின் அரட்டை செயலியைத் திடீரென்று ஏராளமானோர் இறக்கியபோது, மக்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று, "நான் அனுப்புற மெசேஜை வேற யாரும் படிக்க முடியாதுல்ல?" என்பது. இப்படிப்பட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் தயாரிப்பதும் இந்த வேலையில் சேரும்.

ஜெர்மனிக்கு இந்தப் பதவி பழசு. 1977-ல் இயற்றிய சட்டத்திலேயே நிறுவனங்களுக்கு இப்படி ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே நடந்த ஒன்றை வேலைக்குப் போகும் முன் தெரிந்துகொள்வது நல்லது. 2022-ல் பெர்லின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் இணைய வணிகக் குழுமத்தின் துணை நிறுவனத்துக்கு 5,25,000 யூரோ அபராதம் விதித்தது. காரணம், அங்கே டிபிஓவாக இருந்தவரே, அந்த நிறுவனத்துக்காகத் தகவலைக் கையாண்ட இரண்டு கம்பெனிகளுக்கு நிர்வாக இயக்குநராகவும் இருந்தார். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்வது போல. நம்ம ஊரிலும், "ஐடி மேனேஜரே இதையும் பார்த்துக்கட்டும்" என்று சொல்லும் முதலாளிகள் வருவார்கள். ஐரோப்பாவில் தன் கடமையைச் செய்ததற்காக டிபிஓவைத் தண்டிக்கவோ நீக்கவோ கூடாது என்று சட்டமே சொல்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அதனால் வேலை ஒப்பந்தத்தில் யாரிடம் அறிக்கை தர வேண்டும் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

தமிழ் தெரிந்தால் லாபம்

ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதியை நிறுவனம் தர வேண்டும். அதில் தமிழும் உண்டு. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி, எளிய நடையில் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் உடனே சொல்லி, 72 மணி நேரத்துக்குள் விரிவான விவரம் தர வேண்டும். இப்போது இந்த அறிவிப்பைப் பாருங்கள்:

"தங்களது தனிநபர் தரவுகள் அங்கீகரிக்கப்படாத அணுகலுக்கு உட்பட்டிருக்கக்கூடும் எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

யாருக்குப் புரியும்? லாட்ஜ் போன் திருட்டுப் போனதாக வைத்துக்கொண்டு நான் எழுதிப் பார்த்தது இது:

"எங்கள் அலுவலக போன் நேற்று இரவு திருட்டுப் போய்விட்டது. நீங்கள் ரூம் எடுத்தபோது அனுப்பிய ஆதார் படம் அதில் இருந்தது. அதை வைத்து உங்கள் பெயரில் சிம் வாங்கவோ, உங்களை ஏமாற்றவோ யாராவது முயலலாம். ஆதார் தளத்தில் உங்கள் கைரேகைப் பதிவைப் பூட்டி வையுங்கள். சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். எங்களிடம் பேச இந்த எண்."

இரண்டாவதை எழுதத் தெரிந்த ஆளைத்தான் நிறுவனங்கள் தேட வேண்டியிருக்கும்.

எப்படி ஆரம்பிப்பது?

ஒரு எச்சரிக்கையோடு ஆரம்பிக்கிறேன். "அரசு அங்கீகாரம் பெற்ற டிபிஓ கோர்ஸ், வேலை உறுதி" என்று விளம்பரம் கண்ணில் பட்டால் பணம் கட்டாதீர்கள். டிபிஓவுக்கு இந்தப் பட்டம், இந்தச் சான்றிதழ் வேண்டும் என்று நம் சட்டம் எதையும் குறிப்பிடவில்லை. இல்லாத அங்கீகாரத்தை யாரும் விற்க முடியாது.

முதலில் சட்டத்தையே படியுங்கள். மொத்தம் 44 பிரிவுகள்தான், மின்னணுவியல் அமைச்சகத் தளத்தில் இலவசம். நடுநடுவே கதை போல எடுத்துக்காட்டுகள் வரும். அடுத்து 2025 விதிகள். பிறகு குறியாக்கம், யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதி முறை, பேக்கப் ஆகியவை எப்படி வேலை செய்கின்றன என்று புரிகிற அளவுக்குக் கணினி அறிவு. கோடிங் கட்டாயமில்லை. என்பிடெல் தளத்தில் தனியுரிமை, பாதுகாப்பு பற்றிய வகுப்புகளை இலவசமாகக் கேட்கலாம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். நான் முதல்வன் தளத்தில் உங்கள் கல்லூரிக்கு என்னென்ன பயிற்சி வருகிறது என்றும் பாருங்கள். சட்டம் படிக்க ஆசை இருந்தால் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி பக்கம்தான்.

சான்றிதழ் பிறகு வரட்டும். இந்தியத் தரவுப் பாதுகாப்புக் கவுன்சிலின் டிசிபிபி, பன்னாட்டு அமைப்பான ஐஏபிபியின் சிஐபிபி, சிஐபிஎம் ஆகியவை இந்தத் துறையில் மதிப்புள்ளவை. ஐஏபிபி தேர்வுக் கட்டணம் டாலரில் இருக்கும். வேலையில் சேர்ந்தபின் நிறுவனத்தைக் கட்டச் சொல்வதே புத்திசாலித்தனம்.

முதல் வேலையே டிபிஓவாகக் கிடைக்காது. பிரைவசி அனலிஸ்ட், கம்ப்ளையன்ஸ் உதவியாளர், ஆடிட் ட்ரெய்னி, வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு என்றுதான் உள்ளே நுழைய முடியும். இதில் புகார்ப் பிரிவை மட்டமாக நினைக்காதீர்கள். தன் தகவலைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்டு ஒருவர் எழுதினால் அதைப் பிரித்துப் புரிந்துகொண்டு பதில் தரும் பழக்கம் அங்கேதான் வரும். புகார்களுக்கு 90 நாளுக்குள் தீர்வு காண வேண்டும் என்பது விதி. நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்த பிறகுதான் வாரியத்திடம் போக முடியும்.

நேர்காணலுக்கு வெறுங்கையோடு போகாமல் இருக்க ஒரு வழி: உங்கள் தெரு டியூஷன் சென்டரையோ, தெரிந்த லாட்ஜையோ எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டுவிட்டு, அங்கே என்ன தகவல் வாங்குகிறார்கள், ஏன், யார் போனில் இருக்கிறது, எப்போது அழிக்கிறார்கள் என்று ஒரே பக்கத்தில் வரையுங்கள். யாருடைய பெயரும் எண்ணும் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது. டியூஷன் என்றால் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இருப்பார்கள், பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட ஒப்புதல் பற்றி ஒரு வரி சேருங்கள். கீழே நீங்கள் மாற்றச் சொல்லும் மூன்று விஷயங்களைத் தமிழில் எழுதுங்கள். எழுதியதை முதலில் அங்கே ரிசப்ஷனில் உட்காருகிறவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் "புரியலையே" என்கிறாரோ, அந்த வரியைத் திருத்திவிட்டு நேர்காணலுக்கு எடுத்துப் போங்கள்.