விளையாட்டில் முறை பழக்குதல்

அஸருக்குப் பின் பிள்ளைகள் சொப்புச் சாமான்களைப் பரப்பியதும், "சண்டை போடாமல் விளையாடுங்கள்" என்று சொல்லிவிட்டு நாம் அடுப்படிக்குப் போய்விடுகிறோம். பத்து நிமிஷத்தில் அழுகை கேட்கிறது. ஓடி வந்து, பெரியவனை அதட்டி, அவன் கையிலிருக்கும் சட்டியைப் பிடுங்கிச் சின்னவளிடம் கொடுக்கிறோம். வீடு அமைதியாகிவிடும். ஆனால் பிள்ளைகள் கற்றுக்கொண்டது என்ன? வலியவர் பிடுங்கலாம், அழுதால் கிடைக்கும். இவ்வளவுதான்.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு ஹதீஸ் வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பானம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அவர்களின் வலப்புறம் ஒரு சிறுவர், இடப்புறம் முதியவர்கள். வலப்புறத்தவருக்கே முதல் உரிமை. ஆகவே முதியவர்களுக்குக் கொடுக்க அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் சிறுவர். பானம் அவர் கையிலேயே கொடுக்கப்பட்டது. பெரியவர்களுக்காகக்கூட ஒரு சிறுவரின் முறை பறிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு வயதுப் பிள்ளை பிறரோடு சேர்ந்து விளையாடுவதைவிட, பக்கத்தில் இருந்து தனக்கென விளையாடுவதே அதிகம். கூடி விளையாடுவது வயது ஏற ஏறத்தான் வரும். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1932இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டிற்று. ஆகவே அந்த வயதில் "பங்கு வை" என்று அதட்டிப் பயனில்லை. ஒரே மாதிரிச் சாமான் இரண்டு கொடுத்துவிடுங்கள்.

மூன்று வயதில் பாயில் வட்டமாக உட்கார்த்தி, பெயர் சொல்லிப் பந்தை உருட்டச் சொல்லலாம். காத்திருப்பது அப்படித்தான் பழகும்.

நான்கு, ஐந்து வயதில் சொப்பு விளையாட்டே பெரிய பள்ளிக்கூடம். உம்மாவே விருந்தாளியாகப் போகட்டும். வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்கட்டும். உள்ளே போனதும், "நாங்கள் இரண்டு பேர் வந்திருக்கிறோம், ஒரு கோப்பைதானே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வழியைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். நாம் சொல்லிக் கொடுத்தால் அது விளையாட்டல்ல, பாடம். பிறகு விருந்தாளி வீட்டுக்காரராகட்டும், வீட்டுக்காரர் விருந்தாளியாகட்டும்.

வேலை முடிந்ததும் விலகிவிடுங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளோடு விளையாடுகையில், நாயகம் (ஸல்) அவர்கள் வந்ததும் தோழிகள் ஒளிந்துகொள்வார்களாம். அவர்களை மறுபடி விளையாட அனுப்பி வைத்திருக்கிறார்கள். நம்மைக் கண்டதும் பிள்ளைகளின் பேச்சு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றால், நாம் அங்கே அதிக நேரம் இருந்துவிட்டோம்.

சண்டை வந்தால் "யார் முதலில் அடித்தது?" என்று விசாரிக்காதீர்கள். "உனக்கு என்ன வேண்டியிருந்தது?" என்று இருவரிடமும் கேளுங்கள், ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருக்கட்டும்.